மறுவாழ்வுக் களத்தில் பங்கேற்பு உற்றுநோக்கலும் மொழித் தரவும்

பாரிஸ் நகரை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் 21 ஆண்டுகள் வாழ்ந்த நோயாளி ஒருவரை, அறுவை மருத்துவர் பால் புரோக்கா 1861ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆராய நேர்ந்தது. அந்நோயாளியால் ஒலிக்க முடிந்தது பெரும்பாலும் ‘டான்’ என்னும் ஓரசையே. மருத்துவமனையில் அதுவே அவருக்குப் பெயராகவும் நிலைத்துவிட்டது. எத்தனை ஆண்டுகளாக இங்கு இருக்கிறீர் என்று புரோக்கா வினவியபோது, அவர் செயலிழக்காத இடக்கையை நான்கு முறை விரித்துக் காட்டினார்; பின்னர் ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். 21 என்னும் விடை சரியானதே. மறுநாளும் அதே வினா கேட்கப்பட்டது. அதே விடை கிடைத்தது. மூன்றாம் முறை கேட்கப்பட்டபோது, தம்மைப் பயிற்சிக்கு உட்படுத்துகிறார்கள் என்பதை உணர்ந்த நோயாளி சினந்தார். தாம் ஒரே ஒருமுறை கேட்டதாகப் புரோக்கா குறிப்பிடும் வசைமொழி அப்போதுதான் அவர் வாயிலிருந்து வெளிப்பட்டது.

சில நாட்களில் அந்நோயாளி இறந்தார். அவருடைய மூளையின் இடப்பக்க முன்மடலில் காணப்பட்ட சிதைவு, பேச்சுக்கும் மூளைக்கும் உள்ள உறவு பற்றிய ஆய்வு வரலாற்றில் ஒரு தொடக்கமாயிற்று. மொழியியலார்க்கு அச்சிதைவைப் போன்றே அந்த மூன்று வினாக்களும் கருதத்தக்கவை. சொற்கள் மூன்று முறையும் ஒன்றே. பேச்சுச் செயல் ஒன்றன்று. முதல்முறை அது வினா. மூன்றாம் முறை அது சோதனை. பேசும் திறன் ஏறத்தாழ முற்றிலும் இழந்த ஒருவர் இவ்வேறுபாட்டைத் துல்லியமாக அறிந்திருந்தார்.

இங்கு இன்னொரு செய்தியும் உண்டு. புரோக்கா அவரை அறிந்திருந்தது சில நாட்களே. அதே கூடத்தில் ஆண்டுக்கணக்கில் அவரோடு வாழ்ந்த பிற நோயாளிகளும் பணியாளர்களும் அறிந்தவை பல. தமக்குச் சொல்லப்படுவதை அவர் புரிந்துகொள்வார் என்பது அவர்களுக்குத் தெரியும். பழிவாங்கும் இயல்பினர் என்று அவரை வெறுத்தோரும் உண்டு. இவையெல்லாம் புரோக்காவின் அறிக்கையில் கேள்விச் செய்தியாகச் சில வரிகளில் மட்டுமே இடம்பெறுகின்றன. ‘டான்’ என்னும் அவ்வோரசையைக் கொண்டு அவர் எவரிடம் எதைக் கேட்டார், எவர் அதைப் புரிந்துகொண்டார், எவர் புரியாதவர்போல் நடந்துகொண்டார் என்பதற்கு எப்பதிவும் இல்லை. அத்தகைய பதிவை உருவாக்க வல்ல முறை பங்கேற்பு உற்றுநோக்கல் ஆகும். மறுவாழ்வு நிலையங்களில் அம்முறையைக் கையாளும் மொழியியலார் எங்கே நிற்கிறார், கேட்டதை எந்த மொழியில் எழுதுகிறார் என்னும் இரண்டையும் பொறுத்தே அவர் பெறும் தரவு அமைகிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

முறையும் பெயரும்

மாலினோவ்ஸ்கி முதல் உலகப்போர்க் காலத்தில் திரோபிரியாண்டுத் தீவுகளில் தங்கி, அம்மக்களின் மொழியைக் கற்று, அவர்தம் அன்றாட வாழ்வில் கலந்து ஆய்வு செய்த பின்னரே இம்முறை மானிடவியலின் அடையாளமாக ஆயிற்று. 1922இல் வெளிவந்த அவருடைய நூல் பலராலும் சுட்டப்படுவது. மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் அதனினும் நெருக்கமானது அவர் 1923இல் எழுதிய கட்டுரையாகும். ஒரு கூற்றின் பொருளைச் சூழலிலிருந்து பிரித்துப் பெயர்க்க இயலாது என்னும் கருத்தை, ‘சூழ்நிலைச் சூழல்’ என்று தமிழில் வழங்கும் கலைச்சொல்லால் அவர் அதில் விளக்கினார். களப்பணியில் எழுந்த மொழிபெயர்ப்புச் சிக்கலே அக்கருத்துக்கு வித்தாக இருந்தது. பங்கேற்பு உற்றுநோக்கலும் மொழிபெயர்ப்புக் கோட்பாடும் ஒரே களத்தில் பிறந்தவை என்பது அடிக்கடி மறக்கப்படுகிறது.

தமிழில் இம்முறைக்கு வழங்கும் பெயரும் சிந்திக்கத்தக்கது. பங்கேற்றல் என்பது உள்ளே செல்வது; நோக்கல் என்பது விலகி நிற்பது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள இழுபறியை ஆங்கிலப் பெயர் அப்படியே விட்டுவிடுகிறது. தமிழில் ‘உற்று’ என்னும் எச்சம் இடையே நிற்கிறது. ‘உறு’ என்னும் வினையடி அணுகுதல், அடைதல், துன்பம் அனுபவித்தல் ஆகிய பொருள்களை உடையது. உற்றார், உற்ற துணை என்னும் வழக்குகளையும் நோக்குக. கலைச்சொல்லை ஆக்கியோர் இதனை எண்ணியிருக்க வேண்டுவதில்லை. எனினும் மறுவாழ்வுக் களத்தைப் பொறுத்தவரை அது பொருத்தமான தற்செயலே.

நிற்கும் இடம்

கள ஆய்வாளர் ஏற்கத்தக்க பங்குகளை ரேமண்ட் கோல்டு 1958இல் நான்காக வகுத்தார். முழுப் பங்கேற்பாளர் ஒரு முனையிலும் முழு நோக்கர் மறுமுனையிலும் இருப்பர். ஏனைய இரண்டும் இடைப்பட்டவை. பாடநூல்கள் இவ்வகைப்பாட்டைத் தவறாமல் எடுத்துரைக்கின்றன. ஆனால் பக்கவாத நோயாளிகள் உள்ள வார்டில் ஒரு முற்பகல் கழிந்தாலே இவ்வகைப்பாடு தளர்ந்துவிடும். சக்கர நாற்காலியைத் தள்ள உதவும் கணத்தில் ஆய்வாளர் பங்கேற்பாளர். பயிற்சியாளர் உள்ளே வந்தவுடன் சுவரோரம் ஒதுங்கும் நோக்கர். நோயாளியின் மனைவி மருந்து வாங்கச் செல்லும்போது அவரே உடனிருப்பவர். பங்கு என்பது ஆய்வாளர் தாமே தேர்ந்துகொள்வது மட்டுமன்று. களம் அவருக்கு அளிப்பதும் ஆகும்.

இதனை நன்கு உணர்ந்து செயல்பட்டவர் எர்விங் கோஃப்மன். வாஷிங்டன் நகரிலுள்ள செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் 1955-56ஆம் ஆண்டுகளில் அவர் களப்பணி செய்தார். அப்போது அங்கு 7000க்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தனர். விளையாட்டுப் பிரிவுத் தலைவரின் உதவியாளர் என்பதே அவருக்குரிய வெளிப்படையான பங்கு. மேல்நிலை நிருவாகம் மட்டும் அவருடைய நோக்கத்தை அறிந்திருந்தது. அவர் பணியாளர்களோடு நெருங்கிப் பழகுவதைத் தவிர்த்தார், சாவியை வைத்துக்கொள்ளவில்லை. பூட்டிய கதவுகள் உள்ள இடத்தில் சாவி வைத்திருப்பவர் யார் என்பதே எவர் யாரிடம் எப்படிப் பேசுவார் என்பதை முடிவு செய்கிறது. 1961இல் வெளிவந்த நூலின் முன்னுரையிலேயே, தம் பார்வை நோயாளிகளின் பக்கம் சாய்ந்தது என்று அவர் ஒப்புக்கொள்கிறார். அவ்வொப்புதல் அந்நூலின் குறையன்று. எங்கிருந்து கேட்டது என்பது தெரிந்த தரவையே பிறர் மதிப்பிட இயலும்.

உடல்சார் மறுவாழ்வு நிலையங்களில் பூட்டிய கதவுகள் குறைவு. அங்கு சாவியின் இடத்தை வேறு பொருள்கள் பெறுகின்றன: வெள்ளை மேலங்கி, நோயாளியின் கோப்பு, வருகைப் பதிவேடு. கோப்பைக் கையில் ஏந்தி நிற்கும் ஆய்வாளரிடம் நோயாளி பேசுவது தேர்வுப் பேச்சாகவே இருக்கும். இயல்பான பேச்சை அறிய வேண்டும், ஆனால் அறியும் முயற்சியே அதனை மாற்றிவிடும் என்னும் நோக்கர் முரணை வில்லியம் லபாவ் 1972இல் எடுத்துரைத்தார். மறுவாழ்வுக் களத்தில் இம்முரண் மேலும் இறுகுகிறது. ஏனெனில் அங்குள்ளோர் ஏற்கெனவே நாள்தோறும் நோக்கப்படுபவர்கள், மதிப்பெண் பெறுபவர்கள். வாளாவிருந்து பார்ப்பவர் எவராயினும் மேலும் ஒரு தேர்வாளராகவே அவர்களுக்குத் தோன்றுவார். எனவே எதுவும் செய்யாதிருப்பது இங்கு நடுநிலையாகாது. நடைபயிற்சிக் கம்பியருகே தண்ணீர்க் குவளையுடன் நிற்பவர் மௌனமாக அமர்ந்திருப்பவரைவிடக் குறைந்த இடையூறே செய்கிறார்.

தாமே நோயாளியாக இருந்து எழுதியவர்களும் உளர். ஜூலியஸ் ராத், காசநோய் மருத்துவமனையில் நோயாளியாக இருந்தபோதே குறிப்பெடுக்கத் தொடங்கி, குணமாகும் காலக்கெடு பற்றி நோயாளிகளும் மருத்துவர்களும் ஒருவரோடொருவர் பேரம் பேசும் வகையை 1963இல் நூலாக்கினார். கொலம்பியாப் பல்கலைக்கழக மானிடவியலர் ராபர்ட் மர்ஃபி, பிரேசிலின் முண்டுருக்கு மக்களிடையே 1950களில் களப்பணி செய்தவர். 1976இல் அவருக்கு முதுகுத்தண்டில் கட்டி இருப்பது கண்டறியப்பட்டது. படிப்படியாகக் கைகால்கள் செயலிழந்தன. அந்நிலையையே ஒரு நெடிய களப்பயணமாகக் கருதி அவர் எழுதிய நூல் 1987இல் வெளிவந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்த பின்னர் அறிமுகமானோர் சிலரும் தம்மைக் காணாதவர்போல் கடந்து சென்றதை அவர் பதிவு செய்கிறார். வணக்கம் கூறப்படாமை என்னும் மொழி நிகழ்வு ஒலிப்பதிவில் அகப்படாது. வணக்கத்தை எதிர்பார்த்திருந்தவர் மட்டுமே அதனைத் தரவாக்க முடியும்.

இவற்றுக்கு நேர்மாறானது மறைமுகப் பங்கேற்பு. டேவிட் ரோசன்ஹன் 1973இல் வெளியிட்ட கட்டுரை, நலமுள்ள எண்மர் நோயாளிகள்போல் நடித்து 12 மனநல மருத்துவமனைகளில் சேர்ந்ததாகக் கூறியது. நெடுங்காலம் அது பாடநூல்களில் போற்றப்பட்டது. சுசன்னா காஹலன் 2019இல் வெளியிட்ட நூல், அக்கட்டுரையின் தரவுகள் பற்றிக் கடுமையான ஐயங்களை எழுப்பியது. மறைவாகச் செய்யப்பட்ட களப்பணியைப் பிறர் சரிபார்க்க வழியில்லை என்பது அதனால் தெளிவாயிற்று. அறநெறிச் சிக்கலையும் சேர்த்து எண்ணினால், மறுவாழ்வுக் களத்திற்கு இவ்வழி ஏற்றதன்று.

சோதனை அறைக்கு வெளியே

அஃபேசியா எனப்படும் பேச்சிழப்பை அளவிடும் சோதனைகள் மருத்துவத்திற்கு இன்றியமையாதவை. அவற்றுள் ஒன்றான வெஸ்டர்ன் அஃபேசியா பேட்டரி நூறு என்னும் உச்ச அளவில் ஒரு குறியெண்ணைத் தருகிறது. இந்திய மொழிகள் சிலவற்றிலும் அது தகவமைக்கப்பட்டுள்ளது. பொருளைக் காட்டிப் பெயர் கேட்டல், தொடரைத் திரும்பச் சொல்லச் செய்தல் முதலிய பணிகளில் பெற்ற மதிப்பெண்களால் ஆனது அக்குறியெண். அப்பணிகளில் எதுவும் ஒருவர் மற்றொருவரிடம் எதையேனும் வேண்டிப் பெறுவதன்று. ஆட்ரி ஹாலண்ட் பேச்சிழப்புற்றோரை அவர்தம் வீடுகளிலும் கடைத்தெருவிலும் உடனிருந்து உற்றுநோக்கி 1982இல் எழுதினார். அவர்கள் பேசுவதைவிடச் சிறப்பாகக் கருத்தைப் புலப்படுத்துகிறார்கள் என்பது அவர் வலியுறுத்திய முடிவு.

இம்முடிவின் எல்லை வரை சென்றவர் சார்லஸ் குட்வின். மூளையின் இடப்பாதி பாதிக்கப்பட்டு, ஆம், இல்லை, மேலும் என்னும் பொருள்தரும் மூன்றே ஆங்கிலச் சொற்களைப் பேச முடிந்த முதியவர் ஒருவரின் உரையாடல்களை அவர் 1995 முதல் ஆராய்ந்து வெளியிட்டார். அம்முதியவர் அவருடைய தந்தையே. காலை உணவின்போது அவர் எதையோ வேண்டுகிறார். சூழ்ந்திருப்போர் ஒவ்வொன்றாக ஊகித்துக் கேட்கின்றனர். அவர் ‘இல்லை’ என்பதை வெவ்வேறு இசைப்போக்கில் கூறி அவர்களைத் திருத்துகிறார். ஊகம் நெருங்கும்போது ஒரு வகை, விலகும்போது மற்றொரு வகை. சொற்கள் பிறருடையவை; கூற்று அவருடையது. பேச்சுத் திறனை ஒரு மண்டைக்குள் மட்டும் தேடுவது போதாது, உரையாடுவோர் அனைவரும் கூடி அதனை ஆக்குகிறார்கள் என்பது குட்வின் கண்டது. மகனாக அம்மேசையில் அமர்ந்திராவிடில் அவ்வொளிப்பதிவுகள் கிடைத்திரா, கிடைத்தாலும் புரிந்திரா.

தமிழாய்வாளர் இங்கு நின்று எண்ணத்தக்க ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் மறுப்பு அம்மூன்று சொற்களுள் ஒன்றில் அடங்கியது. தமிழில் இல்லை, வேண்டாம், கூடாது, முடியாது, மாட்டேன் என மறுப்பு பலவாகப் பிரிந்து கிடக்கிறது. இவற்றுள் ஒன்று மட்டும் எஞ்சிய ஒருவர், ஏனையவற்றின் பணியையும் அதன்மேல் ஏற்றுவாரா? ‘வேண்டாம்’ மட்டும் எஞ்சியவரை அடம் பிடிப்பவர் என்றும், ‘முடியாது’ மட்டும் எஞ்சியவரை மனம் தளர்ந்தவர் என்றும் சூழ்ந்திருப்போர் கருதிவிடுவார்களா? இவ்வினாக்களைச் சொற்பட்டியல் சோதனை எழுப்பவே இயலாது.

ராபர்ட் எட்ஜர்டன் 1967இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு கோணத்தைக் காட்டுகிறது. கலிபோர்னியாவில் அரசு மருத்துவமனையிலிருந்து வெளியேறிய அறிவுத்திறன் குறைபாடுடையோர் நகர வாழ்வில் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதை அவர் ஆராய்ந்தார். கடிகாரம் பார்க்கத் தெரியாத சிலர் ஓடாத கைக்கடிகாரத்தைக் கட்டியிருந்தனர். மணி என்ன என்று அவர்கள் கேட்பதில்லை; அதற்கு வரும் விடையைப் பயன்படுத்துவது அவர்களுக்கு அரிது. ஒன்பது ஆகிவிட்டதா என்று கேட்டனர். தம் கடிகாரம் நின்றுவிட்டது என்பதும் காரணமாகக் கூறப்பட்டது. ஆம், இல்லை என்னும் விடையில் அடங்குமாறு வினாவின் இலக்கண வடிவத்தையே மாற்றிக்கொண்ட திறம் இது. குறைபாட்டை அளக்கும் சோதனையில் இத்திறத்திற்கு மதிப்பெண் இல்லை.

‘சாப்பிட்டாச்சா?’

தமிழ் வழங்கும் மறுவாழ்வு வார்டில் நாள்தோறும் பலமுறை கேட்கும் வினா இது. சாப்பிட்டு, ஆயிற்று என்னும் இரண்டும் இணைந்த இப்பேச்சுவழக்கு வடிவம் ஒன்றன்பால் முடிபு கொண்டது. வினைமுதலின் இடத்தையோ மதிப்பையோ அது காட்டுவதில்லை. ‘சாப்பிட்டீங்களா?’ என்றால் முன்னிலை, ‘சாப்பிட்டாரா?’ என்றால் படர்க்கை. ‘சாப்பிட்டாச்சா?’ என்பது இரண்டையும் தவிர்க்கிறது. நோயாளி கட்டிலில் படுத்திருக்க, மனைவி அருகே நிற்க, செவிலியர் இவ்வினாவை எழுப்பினால், அது எவரை நோக்கியது என்பதைச் சொல்லில் தேட முடியாது. செவிலியரின் பார்வை, உடல் திரும்பிய திசை, விடைக்காக அவர் காத்திருந்த நேரம் ஆகியவையே அதனைத் தெரிவிக்கும். இரண்டு நொடி கூடுதலாகக் காத்திருந்தால் நோயாளியே ‘ம்’ என்று விடையளித்திருக்கக்கூடும்.

பிரிட்டனில் உடற்குறையுடையோர்க்கென 1977 முதல் 1998 வரை பிபிசி ஒலிபரப்பிய வானொலி நிகழ்ச்சியின் பெயரே, ‘இவருக்குச் சர்க்கரை போடலாமா?’ என்று உடன் வந்தவரிடம் கேட்கும் வினாவாக அமைந்திருந்தது. ஆங்கிலத்தில் இப்புறக்கணிப்பு படர்க்கைப் பெயரில் வெளிப்படையாக நிற்கிறது. அதனால் அதனைக் கண்டிக்கவும் முடிந்தது. தமிழில் அது இலக்கண வடிவத்தின் மறைவில் நிகழலாம். எவரும் எவரையும் படர்க்கையில் சுட்டாமலே ஒருவர் உரையாடலிலிருந்து வெளியேற்றப்படக்கூடும். மறுபுறம், அதே வடிவம் கனிவாகவும் பயன்படும். எழுபது வயது முதியவரை ‘நீங்க’ என்பதா, ‘தாத்தா’ என்பதா என்று தயங்கும் இளம் பயிற்சியாளர்க்கு ‘ஆச்சா’ ஓர் அடைக்கலம். இவ்விரு பயன்களுள் எது நிகழ்ந்தது என்பதை ஒலிப்பதிவை மட்டும் கேட்டு எழுதுவோர் அறிய வழியில்லை, அங்கிருந்தவர் அறிவார்.

‘நாம்’ என்பதும் இவ்வாறே. ‘நாம இப்ப எழுந்து நிக்கலாமா?’ என்று இயன்முறைப் பயிற்சியாளர் கேட்கும்போது எழுந்து நிற்கவேண்டியவர் ஒருவரே. கேட்போரை உளப்படுத்தும் தன்மைப் பன்மை இங்கு உழைப்பைப் பகிர்ந்துகொள்வதாகக் காட்டுகிறது. சிறு பிள்ளையிடம் பேசும் தொனியையும் ஏற்றுகிறது. உளப்படுத்தாத ‘நாங்கள்’ வரும் இடங்களையும் இதனோடு ஒப்பிட வேண்டும். ‘நாங்க சொல்றபடி செஞ்சா போதும்’ என்பதில் நிலையத்திற்கும் நோயாளிக்கும் இடையே ஒரு கோடு விழுகிறது. ஒரே பயிற்சியாளர் ஒரே மணி நேரத்தில் ‘நாம’விலிருந்து ‘நாங்க’வுக்கு எப்போது மாறுகிறார் என்பதைக் குறித்து வைப்பது நல்ல களக்குறிப்பின் இலக்கணமாகும்.

இவற்றினும் விளைவு மிக்கது ‘-லாம்’ ஈறு. பால்டிமோரில் இளம்பிள்ளை வாதம் கண்ட குழந்தைகளின் 14 குடும்பங்களைத் தொடர்ந்து ஆராய்ந்த ஃபிரெட் டேவிஸ், ஓர் உண்மையை 1960இல் சுட்டிக்காட்டினார். குழந்தை எவ்வளவு தேறும் என்பது மருத்துவர்க்கு ஓரளவு தெளிவான பின்னரும், பெற்றோரிடம் அவர்கள் தெளிவின்மையையே தொடர்ந்து பேசினர். அப்பேச்சு மருத்துவ ஐயத்தால் எழுந்ததன்று. பெற்றோரின் துயரையும் கேள்விகளையும் எதிர்கொள்வதைத் தள்ளிப்போட உதவிய கருவி. இத்தகைய தெளிவின்மைக்கு ஆங்கிலத்தில் சொற்களைத் தேடவேண்டும். தமிழில் ஓர் ஈறே போதும். ‘இனிமே நடக்கலாம்’ என்னும் தொடர் இசைவாகலாம். இயலக்கூடும் என்னும் கணிப்பாகலாம். வாருங்கள் நடப்போம் என்னும் அழைப்பும் ஆகலாம். கட்டிலை விட்டு இறங்கத் தடையில்லை என்று மருத்துவர் கூறியதை, மகன் நடந்துவிடுவான் என்று தாய் கேட்டுக்கொண்டால், இருவருள் எவரும் தவறிழைத்தவர் ஆகார். அத்தாய் வீட்டுப் படிக்கட்டை மாற்றியமைக்கும் செலவைத் தள்ளிவைப்பார். சக்கர நாற்காலிக்கு விண்ணப்பிக்காதிருப்பார். மாதங்கள் கழித்து அவ்வேறுபாடு வெளிப்படும்போது, அன்று சொன்னது என்ன என்பதற்கு எப்பதிவும் இராது. கோப்பில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும்.

களக்குறிப்பின் மொழி

அவ்வொரு வரியே இக்கட்டுரையின் மைய வினாவிற்கு இட்டுச் செல்கிறது. இந்தியாவில் மறுவாழ்வு ஆய்வாளர் பலரும் வார்டில் தமிழில் கேட்டதை அன்றிரவே ஆங்கிலத்தில் எழுதி வைக்கின்றனர். ஆய்வேடு ஆங்கிலத்தில் அமைய வேண்டும், நெறியாளர் வேற்றுமொழியினர் என்பன இதற்குக் கூறப்படும் காரணங்கள். எழுதும் கை அறியாமலே அங்கு ஒரு மொழிபெயர்ப்பு நிகழ்ந்துவிடுகிறது. ‘சாப்பிட்டாச்சா?’ என்பதை ஆங்கிலத்தில் எழுத முன்னிலையோ படர்க்கையோ ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். ‘நடக்கலாம்’ என்பதன் மூன்று பொருள்களுள் ஒன்றை மட்டும் எடுக்கவேண்டும். ‘நாம’வும் ‘நாங்க’வும் ஒரே சொல்லாகிவிடும். எது ஆராயப்பட வேண்டியதோ அதுவே முடிவு செய்யப்பட்டுப் போகிறது. பின்னர் எத்துணை நுணுக்கமாகப் பகுத்தாலும், இழந்ததை அக்குறிப்பிலிருந்து மீட்க முடியாது.

ஆதலின் களக்குறிப்பு, கேட்ட மொழியில், கேட்ட வட்டார வடிவில் இருத்தல் வேண்டும். கூற்றின் அருகில் எவர் எங்கே இருந்தார், எவரைப் பார்த்துப் பேசினார், விடைக்கு எவ்வளவு நேரம் விடப்பட்டது, விடையளித்தவர் யார் ஆகியவை இடம்பெற வேண்டும். இடம் தெளிவில்லாத கூற்றைத் தெளிவில்லாததாகவே எழுத வேண்டும். நோயாளியின் எஞ்சிய ஒலிகளை இழுத்துச் சொற்களாக்கிவிடலாகாது. ‘ம்’ என்பதற்கும் ‘ம்ம்?’ என்பதற்கும் ‘ம்ஹூம்’ என்பதற்கும் தமிழ் எழுத்து இடந்தருகிறது. அயர்வு மிகுந்த நாளின் இறுதியில் இவ்வாறு எழுதுவது எளிதன்று. ஆயினும் நினைவு மங்குமுன், கூடுமானால் அந்த மணி நேரத்திற்குள், எழுதிவிடுவதே தக்கது.

பன்மொழி வார்டுகளில் இச்சிக்கல் பெருகுகிறது. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே மறுவாழ்வு மருத்துவம் பயின்றவர். அவர் முயற்சியால் வேலூரில் 1966இல் மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. வேலூருக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் வருவது அனைவரும் அறிந்ததே. இத்தகைய ஊர்களில் தமிழ்ப் பணியாளர்க்கும் வங்க நோயாளிக்கும் இடையே இந்தி பாலமாகிறது. பல நேரங்களில் அப்பாலத்தைத் தாங்குபவர் உடன் வந்த மகனோ மருமகளோ ஆவார். தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் உள்ள உளப்பாட்டு வேறுபாடு இந்தியிலும் வங்காளியிலும் இல்லை. எனவே ‘நாம’ என்னும் அழைப்பின் கனிவு வழியிலேயே கரைந்துவிடுகிறது. மாறாக, தமிழின் ‘நீங்க’ என்னும் ஒரு வடிவத்திற்கு எதிரே வங்காளியின் ‘ஆப்னி’, ‘துமி’ என்னும் இரண்டுள் ஒன்றை மருமகள் தேர வேண்டியிருக்கிறது. பயிற்சியாளரின் கட்டளையை மாமனாரிடம் எடுத்துரைக்கும் அவர், கட்டளையை வேண்டுகோளாக மாற்றுவதும் இயல்பே. மருத்துவ மொழிபெயர்ப்பு பற்றி எழுதுவோர் இதனைப் பிழை எனக் கணக்கிடுவர். உடனிருந்து நோக்குவோர்க்கோ, அக்குடும்பத்தில் மாமனாரின் மதிப்பு குலையாமல் காக்கும் உழைப்பு அது என்பது புலனாகும். இந்த உழைப்பை ஏற்கும் உறவினரை மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர் என்று அழைப்பதில்லை; ஊதியமும் இல்லை.

இசைவு

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்த ஏழு வகைகளை 21 ஆக விரித்தது. பேச்சு, மொழிக் குறைபாடு அவற்றுள் ஒன்று. பேச்சிழப்பு அதன்கண் பெயர் சுட்டியே சேர்க்கப்பட்டுள்ளது. சட்டம் தரும் பயன்கள் பலவற்றுக்கும் 40 விழுக்காடு என்னும் வரம்பு உண்டு. விழுக்காட்டைத் தருவது அளவீடே. களக்குறிப்பு அதற்கு மாற்றாகாது. ஆனால் வீட்டில் மூன்று சொற்களைக் கொண்டு குடும்பத்தை நடத்துபவரின் திறம் வெளிப்பட்டால், அவருடைய விழுக்காடு குறைக்கப்பட்டுவிடுமோ என்று உறவினர் அஞ்சுவதும் உண்மையே. ஆய்வாளரின் குறிப்பேட்டை அவர்கள் ஐயத்துடன் நோக்கினால் அதில் வியப்பில்லை. குறிப்பேடு எவர் கைக்கும் செல்லாது என்னும் உறுதி முதல்நாளே சொல்லப்பட வேண்டும்; அவ்வுறுதியைக் காக்க இயலாத நிலையத்தில் இம்முறையைக் கையாளாதிருப்பதே நேர்மை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட அறநெறி வழிகாட்டுதல்கள், தம் நலனைத் தாமே காத்துக்கொள்ள இயலாதோரை ஆய்வுக்கு உட்படுத்துவதில் தனிக் கவனம் வேண்டுமென்கின்றன. பேச்சிழப்புற்றவரிடமிருந்து இசைவு பெறுவது இங்கு மொழியியல் சிக்கலாகவே உருவெடுக்கிறது. மகன் கையொப்பமிட்டால் தாள் நிரம்பும். தந்தையின் இசைவு அதில் இல்லை. டொராண்டோவில் ஆரா கேகன் 1990களில் வகுத்து எடுத்துரைத்த துணையுடன் உரையாடும் முறை இதற்கு ஒருவாறு உதவும். பேசுவதை முக்கியச் சொற்களாகப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுதல், படம் வரைதல், ஆம், இல்லை என்னும் இரண்டையும் தாளில் வைத்து விரலால் சுட்டச் செய்தல், சுட்டியதைத் திரும்பக் கூறி உறுதி செய்தல் ஆகியன அதன் கூறுகள். எழுத்தறியாத நோயாளிக்குப் படங்களே துணை. இவ்வாறு பெற்ற இசைவும் ஒரு நாளைக்குரியது. மறுநாள் ஆய்வாளர் வந்து அமரும்போது நோயாளி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டால் அதுவும் ஒரு கூற்றே. அன்று குறிப்பேட்டை மூடிவிட வேண்டும். அந்நாளுக்குரிய பக்கத்தில் தேதியும் நேரமும் அவர் முகம் திருப்பினார் என்பதும் மட்டுமே இருக்கும்.